ஆறு வருடக் கணக்கு

நீட் தேர்வு முடிவு வந்த சில நாட்களில் நாளிதழின் முதல் பக்கத்துக்கு மேலே இன்னொரு முதல் பக்கம் முளைத்துவிடும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய, எந்த நாட்டவள் என்று சொல்ல முடியாத ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். பின்னால் பனி மூடிய ஒரு கட்டடம். கீழே ‘நன்கொடை இல்லை’ என்று கொட்டை எழுத்தில் ஓர் உறுதிமொழி. ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலோ சேலத்திலோ மதுரையிலோ ஒரு ஹோட்டல் அரங்கில் கருத்தரங்கு, அனுமதி இலவசம், பெற்றோருடன் வரவும். போய் உட்கார்ந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழவழப்பான தாள் தருகிறார்கள். முதலாம் ஆண்டு தொடங்கி ஆறாம் ஆண்டு வரை கட்டங்கள், இடப்பக்கம் கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், மருத்துவக் காப்பீடு, விசா நீட்டிப்பு, கடைசியில் கூட்டுத்தொகை. கிர்கிஸ்தானா, ஜார்ஜியாவா, ரஷ்யாவா, பிலிப்பைன்ஸா என்பதைப் பொறுத்து அது இருபது லட்சத்திலிருந்து நாற்பது லட்சம் வரை நகரும். நம்மில் பல குடும்பங்களுக்கு வாழ்நாளின் மிகப் பெரிய வரவு செலவுத் திட்டம் அந்த ஒற்றைத் தாள்தான். வீடு கட்டும்போதுகூட அஸ்திவாரத்துக்கு ஒரு கணக்கு, தளம் போட ஒரு கணக்கு என்று பிரித்துப் பிரித்துத்தான் பயப்படுவோம். இங்கே ஆறு வருடத்தை ஒரே மத்தியானத்தில் ஒப்புக்கொண்டு வருகிறோம்.

அந்தத் தாளை ஏளனம் செய்வது சுலபம். ஆனால் அது கைக்கு வருவதற்கு முன்பே அந்தக் குடும்பம் பார்த்து முடித்துவிட்ட மற்றக் கணக்குகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2024இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டியவை, அவற்றிலும் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஆண்டுக் கல்விக் கட்டணம் ஒரு நடுத்தர மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். சில மதிப்பெண்கள் குறைந்து, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் வாசலில் போய் நின்றால் பல இடங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும். ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் இருந்து படித்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குப் படிப்பு ஏறக்குறைய இலவசம், மற்றவருக்கு ஒரு கோடி. நடுவே எதுவுமே இல்லாத இந்த இடைவெளியில்தான் பிஷ்கெக்கும் திபிலிசியும் கஸானும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இங்கே ஓராண்டுக்குக் கேட்கும் பணத்தில் அங்கே படிப்பையே முடித்துவிடலாம் என்று ஓர் அப்பா கணக்குப் போட்டால், கூட்டலில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

கூட்டல் சரியாக இருந்தும் கணக்கு ஏன் பிசகுகிறது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். முதல் பிசகு எல்லோருக்கும் தெரிந்தது. கட்டணம் டாலரில், அப்பாவின் சம்பளம் ரூபாயில். 2018 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 64 ரூபாய். 2024 கடைசியில் 85 ரூபாய். ஆண்டுக்கு 4,000 டாலர் என்று சொல்லிச் சேர்த்த கல்லூரி ஆறு வருடமும் ஒரு டாலர்கூட உயர்த்தாமல் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முதல் வருடம் 2,56,000 ரூபாயாக இருந்த கட்டணம் கடைசி வருடம் 3,40,000 ரூபாயாக வந்து நிற்கும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தாளின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு, நாணய மாற்று விகிதத்துக்கு உட்பட்டது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டும் இருப்பார்கள். அதைப் படிக்கிற அளவுக்கு நமக்குக் கண் தெரியும். ஆறு வருடம் தள்ளி ரூபாய் என்னவாகும் என்று யோசிக்கிற தைரியம்தான் அந்த நேரத்தில் வருவதில்லை.

அடுத்து வங்கி. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ், வங்கி வக்கீலின் ஒப்புதல் என்று ஒரு கோப்பு வளரும். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை பதிவாகாமல் கிடப்பது அப்போதுதான் தெரியவரும். பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா வீட்டுக்குக் கையெழுத்துக்காகப் போக நேரும். சித்தப்பாவும் காபி கொடுத்து, ‘பையன் டாக்டராகட்டும்ணே, நமக்கும் பெருமைதானே’ என்று கையெழுத்துப் போட்டுத் தருவார். இவ்வளவு பேரின் நல்லெண்ணம் சேர்ந்துதான் அந்தப் பிள்ளை விமானம் ஏறுகிறது. படிப்பு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று இந்த முழு ஏற்பாட்டில் கேட்கிறவர் வங்கி மேலாளர் ஒருவர்தான். அதை அவர் வாயால் கேட்பதில்லை, பத்திரத்தை வாங்கிப் பெட்டகத்தில் வைத்துக்கொள்கிறார். வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டால் அபசகுனம், கருத்தரங்கில் கேட்டால் எழுந்து நின்று கேட்டவரை மற்றப் பெற்றோர் திரும்பிப் பார்க்கும் பார்வையே போதும். அங்கே அதற்கு ஒரு பதிலும் தயாராக இருக்கும்: இந்தியத் தேர்வுக்கான பயிற்சி முதல் வருடத்திலிருந்தே இலவசம்.

அந்தத் தேர்வு 2002இலிருந்து நடக்கிறது. எஃப்.எம்.ஜி.இ. என்பார்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்த இந்தியர் இங்கே ஊசி போட வேண்டுமானால் அதில் தேற வேண்டும். 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் போதும், தப்புக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும். தேறுகிறவர்கள் பெரும்பாலும் கால் பங்கை ஒட்டி, பல முறை அதற்கும் கீழே. திரும்பத் திரும்ப எழுதுகிறவர்களையும் சேர்த்த கணக்கு அது. ஆகவே நன்றாகப் படித்த ஒரு பிள்ளையின் வாய்ப்பை அதிலிருந்து அப்படியே எடுத்துவிட முடியாதுதான். ஆனாலும் இது ரகசியம் அல்ல, ஒவ்வொரு முறையும் பத்திரிகையில் வருகிற எண். நாம் அனைவரும் அதைப் படிக்கிறோம், அது மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றியது என்றும் நம்பிவிடுகிறோம். நான்கு குடும்பங்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன, நான்கும் தம்மையே அந்த நான்காவது குடும்பமாக எண்ணிக்கொள்கின்றன.

எல்லாம் நல்லபடியாக நடந்த ஒரு பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். ஓர் அரியர் இல்லை, ஆறாம் ஆண்டு ஜூன் மாதம் பட்டம். டிசம்பரில் இந்தியத் தேர்வு, முதல் முயற்சியிலேயே தேர்ச்சி. அதன் பிறகு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, பயிற்சிக்கு ஒரு மருத்துவமனையில் இடம் கிடைக்கக் காத்திருப்பு. 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிமுறைப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அங்கே 12 மாதப் பயிற்சி, இங்கே வந்து இன்னொரு 12 மாதப் பயிற்சி. ஆக, பட்டம் வாங்கிய நாளிலிருந்து குறைந்தது ஒன்றரை வருடம், நடைமுறையில் அதற்கும் சற்றுக் கூடுதலாகக் கழித்துத்தான் நிரந்தரப் பதிவு. கல்விக் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்க வங்கி வழக்கமாகக் கொடுக்கும் அவகாசமோ படிப்பு முடிந்து ஓர் ஆண்டு. அதாவது எந்தத் தவறும் நேராத, முதல் முறையே தேறிய, கெட்டிக்காரப் பிள்ளைக்கே தவணை முந்திக்கொள்கிறது. ஆண்டுக்கு மூன்றரை லட்சம் வீதம் ஆறு தவணையாக 21 லட்சம் வாங்கி, 10 சதவீதத் தனிவட்டி என்றே வைத்துக்கொண்டால், திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 30 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பதினைந்து வருடத்தில் அடைப்பதானால் மாதம் ஏறக்குறைய 32,700 ரூபாய். சிறு நகரத்துத் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் ‘டியூட்டி டாக்டர்’ என்று இரவு முழுக்க விழித்திருக்கிறவருக்குக் கிடைக்கும் சம்பளம் இந்தத் தொகையை விட்டு வெகு தூரத்தில் இல்லை. இங்கே செய்யும் பயிற்சிக்கே இவர்களிடம் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிய காலமும் தமிழ்நாட்டில் இருந்தது. 2022இல்தான் அதை வெகுவாகக் குறைத்தார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளையின் கணக்கே இப்படி என்றால் தேறாத பிள்ளையின் கணக்கை யார் எழுதுவது? சென்னையிலோ டெல்லியிலோ அறை எடுத்துப் பயிற்சி மையம், ஒரு வருடம், பிறகு இன்னொரு வருடம். ஊருக்கு வந்தால் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்ற கேள்விக்குப் பயந்து, கல்யாணம் காட்சிகளுக்குப் போவதை நிறுத்திவிடும் இருபத்தெட்டு வயது. தெருக்காரர்கள் அவரை ‘டாக்டர் தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டம் அப்படிக் கூப்பிடாது. ‘உதவிக்கு’ என்று சொல்லி இத்தகையவர்களை இரவுப் பணிக்கு வைத்துக்கொள்ளும் சிறிய மருத்துவமனைகளும் உண்டு. சம்பளம் குறைவு, கேள்வி கேட்க மாட்டார்கள், நோயாளிக்கும் வித்தியாசம் தெரியாது. 2022 டிசம்பரில், தேர்வில் தேறாமலேயே பதிவு வாங்கிவிட்டார்கள் என்று எழுபதுக்கு மேற்பட்டோர் மீது சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அது குற்றம்தான், அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. முப்பது லட்சம் கடனோடு ஓர் இளைஞனை அந்த வாசல் வரை கொண்டுபோய் விட்டவர்கள் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் வர மாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

தாளில் எழுதவே முடியாத செலவுகளும் உண்டு. 2020 தொடக்கத்தில் விடுமுறைக்கு வந்த சீன மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் திரும்பிப் போக முடியவில்லை; செல்பேசித் திரையில் உடற்கூறியல் படித்தார்கள், கட்டணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் குண்டு விழத் தொடங்கியபோது அங்கே ஏறக்குறைய 18,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள், அவர்களில் இரண்டாயிரம் பேர் போலத் தமிழ்நாட்டினர். மார்ச் முதல் தேதி கார்கிவ் நகரில் சாப்பாட்டுச் சாமான் வாங்க வெளியே போன கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பையன் என்று அவருடைய தந்தை பிறகு சொன்னதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதே மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவை விட்டு வெளியேற, சண்டையே நடக்காத ஊர்களில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அட்டையைச் சொருகினால் பணம் வரவில்லை. 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்களின் விடுதிகளைக் கும்பல் தாக்கிய இரவில், தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையவில்லை. கல்லூரி நன்றாக இருக்கிறதா என்று விசாரித்துச் சேர்க்கிறோம். நாடு நன்றாக இருக்குமா என்று எந்த ஏஜென்டிடம் விசாரிப்பது?

உக்ரைனிலிருந்து திரும்பியவர்களை இங்குள்ள கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்ற வழக்கில், 2022 செப்டம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் முடியாது என்று பதில் மனு கொடுத்தது. இவர்கள் வெளிநாட்டுக்குப் போனதற்கு அதில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. நீட் தேர்வில் தகுதிக் குறைவு. அங்கே படிப்பு கட்டுப்படியாகிறது. அந்த இரண்டு காரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த கை சற்றே தயங்கியிருக்கலாம். தகுதிக் கோட்டைத் தாண்டினால்தான் 2018க்குப் பிறகு வெளிநாட்டிலும் படிக்க முடியும். ஆகவே போனவர்களில் பலரும் அரசே தகுதியானவர் என்று சான்று கொடுத்தவர்கள். அதே மதிப்பெண்ணோடு, அல்லது அதற்கும் குறைவாக, பணம் இருந்த ஒருவர் இங்கேயே நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்து, இங்கேயே மருத்துவராகிவிட்டார். அவருடைய தகுதியைப் பற்றி எந்த மனுவும் பேசாது. மதிப்பெண் குறைவு என்பது காசு உள்ளவருக்கு உள்நாட்டிலேயே மன்னிக்கப்படுகிற குறைதான்.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. முதல் குளிர்காலத்தில் ஒரு பெண்ணுக்கு, இது தன்னால் முடியாது என்று தெரிந்துவிடுகிறது. உடற்கூறியல் கூடத்து நாற்றம் காரணமாக இருக்கலாம், பாடம் ஆங்கிலத்திலும் நோயாளி ரஷ்ய மொழியிலுமாக இருப்பது காரணமாக இருக்கலாம், வெறும் தனிமையாகவும் இருக்கலாம். பதினெட்டு வயதில் எடுத்த முடிவு பத்தொன்பது வயதில் தவறென்று படுவது உலகத்தில் எங்கும் நடக்கிறதுதான். உள்ளூர்க் கல்லூரி என்றால் டி.சி. வாங்கிக்கொண்டு வந்து வேறு படிப்பில் சேர்ந்திருப்பாள். இவள் செய்ய முடியாது. தாத்தாவின் நிலம் வங்கியில் இருக்கிறது, சித்தப்பாவின் கையெழுத்து அதில் இருக்கிறது, அவளுடைய கல்யாணத்துக்கென்று சேர்த்த நகை ஏற்கெனவே முதல் வருடக் கட்டணமாகிவிட்டது. தம்பிக்குக் கோயம்புத்தூரில் பொறியியல் என்று பேசிக்கொண்டிருந்தது, பக்கத்து ஊர்க் கலைக்கல்லூரியில் பி.காம். என்று முடிந்துவிட்டது, அவன் ஒன்றும் சொல்லவில்லை என்பதே அவளுக்குப் பெரிய பாரம். எனவே இரவு வீடியோ அழைப்பில், பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது என்றும் குக்கர் கேஸ்கட் போய்விட்டது என்றும் பேசுகிறாள். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கிறாள், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாயா என்று அப்பா கேட்கிறார். ‘நல்லா இருக்கேன்ப்பா’ என்ற பதிலைத் தவிர வேறெதையும் சொல்லக் கூடிய கேள்வி அந்த உரையாடலில் எழுவதே இல்லை. அன்பு இல்லாத வீடு அல்ல அது. அன்பு அனைத்தையும் கட்டணமாகக் கட்டித் தீர்த்துவிட்ட வீடு.

ஆறு வருடக் கணக்கு என்று நாம் எழுதுவது பாதிதான் பணக் கணக்கு. மீதிப் பாதி, இனிமேல் இந்த வீட்டில் எதைப் பற்றிப் பேசக்கூடாது என்பதற்கான உடன்படிக்கை. பணத்தில் பிசகினால் நகையை வைத்தோ, சீட்டு எடுத்தோ, அவனிடம் இவனிடம் கைமாற்று வாங்கியோ சமாளித்துவிடுகிறோம். அதில் நம் பெற்றோர்கள் அசாத்தியத் திறமைசாலிகள். மற்றப் பாதியைச் சமாளிக்க நமக்கு எந்தப் பழக்கமும் இல்லை. இப்படியெல்லாம் நெருக்கிப் பிழிந்து உண்டாக்கிய ஒருவர் கடைசியில் ஒரு நாள் நம் தெருவில் கிளினிக் திறந்தால், கைராசிக்காரராக இருக்க வேண்டும், ஐம்பது ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, தேவையில்லாத டெஸ்ட் எழுதக் கூடாது என்று நாம் எதிர்பார்ப்போம். நியாயமான எதிர்பார்ப்புதான். அவர் எம்.பி.பி.எஸ்ஸை எங்கே படித்தார் என்றும் விசாரிப்போம். ரஷ்யா என்று தெரிந்தால் அடுத்த தெரு டாக்டரிடம் போவோம்.

திண்டுக்கல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியர், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது, ஏஜென்ட் கொடுத்த தாளின் கடைசிக் கட்டத்துக்குக் கீழே கையால் ஒரு வரி சேர்த்தார். தபால் அலுவலகத்தில் மகன் பெயரில் மூன்று லட்சம். கட்டணத்துக்கோ தவணைக்கோ அதைத் தொடக் கூடாது. வேண்டாம் என்று படிப்பைப் பாதியில் விட்டு வந்தால், விமான டிக்கெட்டுக்கும் இங்கே வேறொரு படிப்பின் முதல் வருடத்துக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் மகனை உட்கார வைத்து அதைச் சொல்லவும் சொல்லிவிட்டார். பயண நாளும் அதுவுமாக இப்படிப் பேசலாமா என்று மைத்துனர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவருடைய மனைவிக்கும் அது பிடிக்கவில்லை. ‘போறதுக்கு முன்னாடியே திரும்பி வர வழி காட்டுனா புள்ளைக்குப் படிப்புல எப்படிங்க புத்தி நிக்கும்?’ என்று கேட்டார். ‘இன்சூரன்ஸ் எடுக்கறவன் எல்லாம் சாகணும்னா எடுக்கறான்?’ என்றார் வாத்தியார். பையன் இப்போது நான்காம் வருடம், சுமாராகப் படிக்கிறான், சென்ற விடுமுறைக்கு வந்து போனான். அந்தப் பாஸ்புக் விஷயத்தில் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி.